ஹுன்னஸ்கிரிய வரை போய்க் குடித்த அரைக் கிளாஸ் பியர்

சனிக்கிழமை காலை கொழும்புக் கோட்டையில் ரயில் ஏறும்போதே என் மனைவி எச்சரித்தாள். "நாங்கள் சம்பந்தம் பேசப் போறம். ஊர் சுத்திப் பாக்க இல்லை." கண்டியில் அவளுடைய அண்ணன் சிவநேசன் அரசாங்கப் பொறியியலாளர். அவருடைய மகள் மதுரா விரும்பிய பையனின் வீட்டார் மறுநாள் காலை பேசி முடிக்க வருகிறார்கள்.

எனக்கு இன்னொரு காரியமும் இருந்தது. கண்டிப் பக்கத்தில் யாரோ கித்துள் மரத்திலிருந்து காய்ச்சும் இனிப்புப் பாணி கலந்து சிறு அளவில் பியர் தயாரிக்கிறார்கள் என்று கேள்விப்பட்டிருந்தேன். மன்னர்கள் ஆண்ட பழைய நகரத்தில் கால் போன போக்கில் நடந்துவிட்டு, நிழலில் உட்கார்ந்து ஒரு கிளாஸ். ஆசை அவ்வளவுதான்.

பத்து மணியளவில் கண்டி. சிவநேசன் ஸ்டேஷனுக்கே வந்திருந்தார். மனைவியை வீட்டில் விட்டபின் மெல்ல விஷயத்தைச் சொன்னேன்.

"எனக்கும் விருப்பம்தான் மச்சான். ஆனா இண்டைக்கு ஆரும் என்னைக் கண்டால் காரியம் கெட்டுப்போம்."

காரணம் மாப்பிள்ளையின் தகப்பன் செல்லையா. கண்டியிலேயே கொழும்பு வீதி என்ற தெருவில் இரும்புக் கடை வைத்திருக்கிறார். நாங்கள் யாழ்ப்பாணம், அவர்கள் மலைநாடு என்பதையெல்லாம் அவர் பொருட்படுத்தவில்லை. ஒரே ஒரு நிபந்தனைதான்: குடிக்கிற வீட்டில் பெண் எடுக்கமாட்டார். இரண்டு பக்கமும் அழுது அடம்பிடித்து மதுரா இதை இவ்வளவு தூரம் கொண்டுவந்திருக்கிறாள்.

அப்படியென்றால் நான் தனியே போகிறேன் என்றேன். "வீட்டுக்கு வந்த மச்சானைத் தனிய விட்டால் தங்கச்சி என்ன நினைப்பாள்?" என்று செருப்பை மாட்டிக்கொண்டார். என் கெட்ட காலம் அங்கே ஆரம்பித்தது.

வாவிக்கரையில் வெயில் இதமாக இருந்தது. மரங்களில் நீர்க்காகங்கள், புத்தரின் பல் இருக்கும் தலதா மாளிகைப் பக்கம் வெள்ளை உடுத்த கூட்டம். வாவியைப் பார்த்தபடி இருந்த முதல் பாரின் வாசலில் சிவநேசன் நின்றுவிட்டார். "அது எங்கட கிளாக்கரின்ர மோட்டச்சைக்கிள்." திரும்பினோம். அடுத்தது வெள்ளைக்காரன் காலத்து ஹோட்டல், மரப்படிகள், அகன்ற கதிரைகள். நான் உட்கார்ந்தே விட்டேன். பரிமாறுபவர் கோவிலில் தன்னோடு தேர் இழுப்பவராம், சிவநேசன் என்னை எழுப்பிக் கூட்டிப்போனார். மூன்றாவது, மார்க்கெட்டுக்குப் பின்னால் ஒரு மாடி. அதன் யன்னலைத் திறந்தால் நேரே செல்லையாவின் கடை. நல்ல தெரிவு.

வெயில் ஏறியது. நடந்த நடையில் அந்த நகரத்தை நான் மூன்று தரம் பார்த்துவிட்டேன், நாக்கு மட்டும் நனையவில்லை. அலுத்துப்போய் ஓட்டோ ஒன்றை மறித்தேன். கண்டியிலேயே மஹய்யாவ பக்கத்து ஆளான ஓட்டுநர் எங்கள் பாட்டைக் கேட்டுச் சிரித்தார்.

"ஹுன்னஸ்கிரிய பக்கம் ஒரு எடம் இருக்குங்க ஐயா. அந்த பியரும் கிடைக்கும். தெரிஞ்சவங்க கண்ணுல படக்கூடாதுன்னு நெனைக்கிறவங்க அங்கதான் போவாங்க."

முப்பத்தைந்து கிலோமீற்றர், போக மட்டும் நாலாயிரம் ரூபாய். ஒரு கிளாஸ் பியருக்கு இப்படிச் செலவழித்த முட்டாள் நானாகத்தான் இருப்பேன். தெல்தெனிய தாண்டியதும் வளைவுகள், தேயிலை, குளிர்காற்று. என்னால் ரசிக்க முடியவில்லை. சிவநேசன் தலையைத் துவாயால் மூடியபடி வந்தார்.

அந்த இடத்தில் ஒரேயொரு மேசையில்தான் ஆள் இருந்தது. கையில் பாதி குடித்த கிளாஸ். பரிமாறுபவர் கேளாமலேயே கடலைத் தட்டைக் கொண்டுவந்து வைத்தார், வாடிக்கைக்காரர் போலும். ஆள் நிமிர்ந்தார். சிவநேசன் என் கையை இறுக்கிப் பிடித்தார்.

செல்லையா.

"வாங்க வாங்க," என்றார் செல்லையா, முகம் வெளிறி. "சும்மா காத்து வாங்கலாம்னு வந்தேன்."

"ஓம், நாங்களும் காத்துக்குத்தான்," என்றார் சிவநேசன்.

இரண்டு பேரும் ஒரே மூச்சில் தேத்தண்ணி சொன்னார்கள். மேசை நடுவில் அந்தக் கிளாஸ், நுரைகூட அடங்காமல். எல்லோரும் அதைப் பார்த்தோம். பிறகு செல்லையா அதை இரண்டு விரலால் என் பக்கம் நகர்த்தினார்.

"இவரு கொழும்பு மாமாவா? வெளியூர்க்காரரு, குடிச்சா என்ன தப்பு?"

சிவநேசன் கண்ணால் கெஞ்சினார். காலையில் மதுரா தன் கையால் தேத்தண்ணி தந்தது ஞாபகம் வந்தது. குடித்தேன். அவ்வளவு அலைந்து கிடைத்தது இன்னொருவரின் எச்சில். கித்துள் வாசம் இருந்ததா என்றுகூடத் தெரியாது. தேத்தண்ணிக் கோப்பைகளோடு அந்த இருவரும் என் தொண்டையையே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

ஞாயிறு காலை எல்லாம் நல்லபடி முடிந்தது. தட்டு மாற்றியதும் சபை நிறைந்திருக்க செல்லையா சொன்னார்: "எங்களுக்குப் பூரண சம்மதங்க. நல்ல குடும்பம். கொழும்பு மாமா மட்டும் கொஞ்சம் தண்ணி போடுவாரு போல. பரவாயில்ல, எந்தக் குடும்பத்துலதான் ஒருத்தர் இல்ல?"

சிவநேசன் பெருமூச்சு விட்டார். "ஓம், நாங்களும் சொல்லிப் பாத்தம். கேக்கிறாரில்லை."

என் மனைவி திரும்பிப் பார்த்த பார்வை இன்னும் சுடுகிறது. வாயைத் திறந்தேன். அறை வாசலில் மதுரா, அழுதுகொண்டே சிரித்தபடி நின்றாள். மூடிக்கொண்டேன்.

மாலை ரயிலில் மனைவி என் பக்கத்தில் தன் கைப்பையை வைத்துவிட்டு எதிர் இருக்கைக்குப் போய்விட்டாள். கொழும்பில் எங்கள் வீட்டுக்குப் பக்கத்துத் தெருவிலேயே ஒரு பார் இருக்கிறது. யாரும் யாரையும் கண்டுகொள்வதில்லை. கடுகண்ணாவை இறக்கத்தில் போன் அடித்தது. சிவநேசன்தான். கல்யாணத்தன்று என்னைப் பார்த்துக்கொள்ளப் பக்கத்திலேயே ஒரு ஆளை இருத்தப் போகிறார்களாம். அந்தப் பொறுப்பைச் செல்லையாவே கேட்டு வாங்கிக்கொண்டாராம்.