ஃபைனாவின் ஆறு ஓநாய்கள்

என் மனைவி ஃபைனாவுக்கு வயது ஐம்பத்தெட்டு. எங்கள் யூரல் மலைக் காப்புக்காட்டில், ஏழாம் கணக்கெடுப்பு வழியில் முப்பத்தொரு குளிர்காலமாக விலங்குகளைக் கணக்கெடுப்பவள் அவள்தான். நான் லுக்யான், அதே காட்டில் பனிவண்டிகளைப் பழுதுபார்ப்பவன். என்னைப் பற்றிச் சொல்ல அவ்வளவுதான் இருக்கிறது.

இந்தப் பிப்ரவரியில் அவளுடைய இடது முழங்கால் வீங்கியது. பயந்துபோய், அவளுக்குத் தெரியாமல் எங்கள் மேலதிகாரி வாதிமிடம் போய் நின்றேன்.

"நுழைவாயில்ல சீட்டு கிழிக்கிற வேலை காலியாத்தானே இருக்கு? அவளை அங்க உக்கார வச்சுடுங்க."

"கணக்கெடுப்புக்கு நானே கூட வர்றேன். அவங்களால முடியலைன்னா மாத்திடறேன்" என்றார் வாதிம்.

கணக்கெடுப்பு இரண்டு நாள் வேலை. முதல் நாள் வழியின் பன்னிரண்டு கிலோமீட்டரும் பனிச்சறுக்குப் பலகையில் போய், வழியைக் கடக்கும் கால்தடங்களை எல்லாம் அழித்துவிட வேண்டும். மறுநாள் புதிதாக விழுந்தவற்றை மட்டும் எண்ண வேண்டும். முதல் நாளை ஃபைனா முனகாமல் முடித்தாள். வீட்டுக்கு வந்து வீக்கம் வற்ற முழங்காலில் முட்டைக்கோஸ் இலையை வைத்துக் கட்டிக்கொண்டாள்.

மறுநாள் மூக்கு விறைக்கும் குளிர். தேநீர்க் குடுவையைத் தூக்கிக்கொண்டு நானும் ஒட்டிக்கொண்டேன். எட்டாவது கிலோமீட்டரில் ஓர் ஓநாய்த் தடம் ஒற்றைச் சரமாக வழியைக் கடந்திருந்தது. வாதிம் தாளில் 'ஓநாய், ஒன்று' என்று எழுதிவிட்டு நகர்ந்தார். ஃபைனா நகரவில்லை. குனிந்து, கையுறையைக் கழற்றி, தடத்துக்குள் விரலை விட்டுப் பார்த்தாள்.

"ஒத்தை ஓநாய் இவ்வளவு அழுத்தமா மிதிக்காது. முன்னால போனது வச்ச அடியிலயே பின்னால வந்ததெல்லாம் கால வச்சிருக்கு."

"எத்தனைன்னு எப்படிக் கண்டுபிடிக்கிறது, ஃபைனா யெகோரோவ்னா?" என்று அவள் அப்பா பெயரையும் சேர்த்து மரியாதையாகக் கேட்டார் வாதிம்.

"பிரிஞ்சு போற இடம் வரைக்கும் போய்ப் பாக்கணும்."

"அந்தப் பக்கம் இடுப்பளவு பனி. உங்க முழங்கால் வேற..."

"என் முழங்கால் உங்ககிட்ட வந்து அழுதுச்சா?"

எனக்குக் காது சுட்டது. போய் அழுதவன் நான்தானே.

அவள் வழியை விட்டு இறங்கிவிட்டாள். பலகையோடு முழங்கால் வரை புதைந்தாள், எழுந்தாள், மறுபடி புதைந்தாள். மேலதிகாரி பின்னால் மூச்சு வாங்கிக்கொண்டு வந்தார். என் நிலைமை அதைவிட மோசம். பாதி தூரத்தில் அவள் திரும்பிப் பார்த்து, "என்ன ரெண்டு பேரும், ஊர்வலமா வர்றீங்க?" என்றாள்.

சாய்ந்து கிடந்த பெரிய மரம் ஒன்றருகே சரம் அவிழ்ந்திருந்தது. ஒவ்வொரு ஓநாயும் தனக்குத் தோன்றிய இடத்தில் தாண்டியிருந்தது. ஃபைனா கைத்தடியால் ஒவ்வொரு தடமாகத் தொட்டு எண்ணினாள். ஆறு. எனக்கு நெஞ்சு விம்மியது. இவளையா சீட்டு கிழிக்க அனுப்பப் பார்த்தேன் என்று வெட்கமாகவும் இருந்தது.

வாதிம் 'ஒன்று' என்பதை அடித்துவிட்டு ஆறு என்று எழுதினார். பிறகு என் பக்கம் திரும்பினார்.

"நுழைவாயில் வேலைக்கு இன்னிக்கு ஒரு பேர் அனுப்பியாகணும், லுக்யான்."

"இந்த மனுஷன்கிட்ட அதை எதுக்குச் சொல்றீங்க?" என்றாள் ஃபைனா.

"நான்தான் போய்க் கேட்டேன்" என்றேன். "உன்னை அங்க உக்கார வைக்கச் சொல்லி."

அவள் என்னை ஏற இறங்கப் பார்த்தாள். திட்டியிருந்தால்கூடத் தேவலை. நான் வாதிமிடம் சொன்னேன்:

"அந்த வேலைக்கு என் பேரை எழுதிக்குங்க."