நாற்பத்தைந்து வெள்ளிக்குள் இரண்டு குதிரைகள்

அண்ணனுக்குப் பதினாறாம் நாள் காரியம் முடிந்த மறுநாள் அம்மா அவனுடைய துணிகளைத் துவைத்தார். ஒவ்வொரு கால்சட்டைப் பையையும் வெளியே இழுத்து, உதறி, விரலை விட்டுத் தடவிப் பார்த்த பிறகுதான் தண்ணீரில் போட்டார். பன்னிரண்டு வருடமாக எங்கள் வீட்டில் துணி துவைப்பது இப்படித்தான். ஏன் என்று அம்மா சொன்னதில்லை, நானும் கேட்டதில்லை. எனக்குத் தெரியும். எவ்வளவு தெரியும் என்பதுதான் அம்மாவுக்குத் தெரியாது.

நான் மூன்றாம் வகுப்போடு நின்றவள். எழுதிப் பழக்கம் இல்லை. இதை அண்ணன் உயிரோடு இருக்கும்போதே அவனிடம் வாயால் சொல்லியிருக்க வேண்டும். சொல்லவில்லை.

அப்போது நாங்கள் மலாயாவில் புக்கிட் ரோத்தான் பக்கத்தில் ஒரு ரப்பர் தோட்டத்தில் இருந்தோம். அப்பா துரையின் குதிரைக்காரர். செவலை ஒன்று, வெள்ளை ஒன்று, இரண்டு குதிரைகள். முன்பெல்லாம் துரை காலையில் செவலை மேல் ஏறித்தான் தோட்டத்தைச் சுற்றிப் பார்க்கப் போவார். காட்டில் ஒளிந்திருந்த கம்யூனிஸ்டுகளைப் பிடிக்க அவசரகாலம் போட்ட பிறகு இரும்புத் தகடு அடித்த ஜீப்பில்தான் போனார். நாங்கள் குடியிருந்த லயத்து வீடுகளைச் சுற்றி முள்வேலி போட்டார்கள். ஒரே ஒரு கேட். வெளியே போகிறவர்கள் பசிக்கு ஒரு பிடி சோறுகூடக் கொண்டுபோகக் கூடாது, காட்டில் இருப்பவர்களுக்குப் போய்ச் சேர்ந்துவிடுமாம். பால் மரம் வெட்டப் போகிறவர்கள் சீனி போடாத தேத்தண்ணியோடு போய், மதியம் கண் இருட்டிக்கொண்டு வருவார்கள்.

ஏறுவதற்கு ஆளில்லாமல் குதிரைகள் லாயத்தில் நின்றன. ஒரு நாள் துரை அப்பாவை ஆபீசுக்குக் கூப்பிட்டனுப்பினார். மாதம் எண்பத்தாறு வெள்ளி சும்மா நிற்கிற குதிரைகளுக்குக் கொடுக்க முடியாது என்று கம்பெனி எழுதியிருக்கிறதாம். நாற்பத்தைந்து வெள்ளிக்குள் முடித்தால் வைத்துக்கொள்ளலாம், இல்லையென்றால் விற்றுவிட வேண்டியதுதான். ஆபீசில் கணக்கு எழுதுகிற கிராணி இதைத் தமிழில் சொன்னபோது, அப்பா கும்பிட்டுவிட்டு வந்துவிட்டார்.

குதிரை போனால் அப்பா வேலை போகும். வெள்ளை குட்டியாக இருந்த காலத்தில் உதைத்து அப்பாவின் முழங்கால் மடங்காமல் போயிருந்தது. மரம் வெட்ட முடியாது. வேலை இல்லாதவருக்கு லயத்தில் வீடும் இல்லை.

அன்று சாயங்காலம் எங்கள் வீட்டில் கணக்குப் போட்டோம். படிக்கத் தெரிந்தவள் நான் ஒருத்திதான் என்பதால் என் நோட்டுப் புத்தகத்தின் பின்பக்கம். அப்பா சொல்லச் சொல்ல நான் எழுதினேன். கொள்ளு முப்பத்திரண்டு வெள்ளி. தவிடு பன்னிரண்டு. புல் வெட்டுகிறவளுக்குக் கூலி இருபத்திநாலு. கிள்ளானிலிருந்து லாடம் அடிக்க வருகிறவருக்கு எட்டு. படுக்கை வைக்கோல் ஆறு. எண்ணெய், மருந்து நாலு.

அண்ணன் வாசற்படியில் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருந்தான். அவனுக்குப் பதினேழு வயது. காலையில் களை வெட்டுவான்.

"நின்னுக்கிட்டே தூங்குறதுக்கு எண்பத்தாறு வெள்ளியா? நானும் நிப்பேனே."

"நீயும் நாலு காலுல நட, தொரைகிட்ட சொல்லி வைக்கிறேன்" என்றார் அம்மா.

எங்கே வெட்டுவது என்று அப்பாவுக்குத் தெரியவில்லை. லாடத்தில் கை வைத்தால் குதிரை நொண்டும், தவிட்டில் வைத்தால் வயிறு பிடிக்கும் என்று ஒவ்வொன்றாகச் சொல்லி மறுத்துக்கொண்டே இருந்தார். அம்மாதான் வெட்டினார். வைக்கோல் எதற்கு, லாலான் புல்லைக் காயவைத்துப் போடலாம். மருந்துக்கு ஒரு வெள்ளி போதும். கொள்ளு இருபத்திநாலுக்கு வாங்கினால் சாகாது. அப்படியும் அறுபத்தொன்பதுக்குக் கீழே வரவில்லை.

அப்போது அண்ணன் சொன்னான், புல்லுக்கு எதற்குக் கூலி, மதியத்துக்கு மேல் நான் சும்மாதானே இருக்கிறேன், கேட்டுக்கு வெளியே கால்வாய்க் கரையில் புல் இடுப்பளவு கிடக்கிறது, ஓட்டிக்கொண்டு போய் மேய்த்து வருகிறேன் என்று.

நான் இருபத்திநாலை அடித்துவிட்டு முட்டை போட்டேன். கூட்டிப் பார்த்தேன். சரியாக நாற்பத்தைந்து. அப்பா என் தலையில் கை வைத்து, "எம் புள்ள கிராணி வேலைக்கே போவும்" என்றார். புல் வெட்டிக்கொண்டிருந்த அந்த அம்மாளின் வேலை போனதைப் பற்றி நாங்கள் யாரும் பேசவில்லை. உண்மையைச் சொன்னால், நினைக்கவே இல்லை.

துரை கேட்டுக்குப் பாஸ் எழுதிக் கொடுத்தார். மதியம் இரண்டிலிருந்து ஐந்து மணி வரை. ஐந்து தாண்டினால் பாஸ் ரத்து.

கொள்ளு அளப்பது என் வேலையானது. ஒரு நாளைக்கு நாலு படி. கோபுரம் போலக் குவித்து அளக்க வேண்டும் என்று அப்பா காட்டிக் கொடுத்திருந்தார். நான் என்ன செய்தேன் என்றால், சாக்கிலிருந்து குவித்து எடுப்பேன், மேலே குவிந்ததைக் கையால் வழித்து ஒரு பால்மாவு டின்னில் போட்டுக்கொள்வேன், தலைதட்டின படியைத்தான் குதிரைக்குக் கொட்டுவேன். மாதக் கடைசியில் டின்னோடு அப்பா முன்னால் போய் நின்று, கணக்கை இன்னும் குறைத்துவிட்டேன் பாருங்கள் என்று காட்டுவதற்காக. ஒன்பது வயதில் எனக்கு அவ்வளவுதான் புத்தி. குதிரையின் வாயிலிருந்து எடுக்கிறேன் என்று தெரியாது.

செவலைக்குத் தீனி போதவில்லை போல. மேயப் போனால் திரும்பி வர மறுத்தது. அண்ணன் கயிற்றோடு கிட்டே போவான், அது நாலடி தள்ளிப் போய் நிற்கும். ஒரு நாள் ஐந்து மணிக்கு ஒரு நிமிடம் இருக்கும்போது வந்து சேர்ந்தான். மறுநாள் தாண்டியே விட்டது. கேட்டில் இருந்த காவல்காரர் பக்கத்து மலாய்க் கம்பத்தில் குடியிருந்தவர், நல்ல மனிதர். இந்த ஒரு தடவை எழுதவில்லை, இன்னொரு தடவை என்றால் என் வேலை போய்விடும் என்று சொல்லி உள்ளே விட்டார். அண்ணன் முட்டியெல்லாம் சிராய்த்துக்கொண்டு வந்திருந்தான். அப்பாவிடம் சொல்லாதே என்றான்.

மறுநாள் மதியம் லாயத்துக்குப் பின்னால் வைத்து டின்னைத் திறந்து காட்டினேன். ஒரு பிடி கொள்ளைத் துணியில் முடிந்து அவனிடம் நீட்டினேன். இதைக் காட்டினால் செவலை ஓடி வரும்.

"திங்கிற சாமான் வெளிய கொண்டு போவக்கூடாது பாப்பா."

"இது குதிரை திங்கிறதுண்ணே. மனுசன் சோறா?"

அவன் சிரித்துவிட்டான். "நீ கிராணிதான்டி" என்று சொல்லி முடிச்சை வாங்கிப் பைக்குள் போட்டுக்கொண்டான்.

அன்று நாலரைக்கே வந்துவிட்டான். ஐந்தாறு நாள் அப்படியே நடந்தது. தினம் ஒரு முடிச்சு கட்டிக் கொடுப்பேன், வெள்ளையைக் கேட் வரைக்கும் நான்தான் பிடித்துக்கொண்டு போவேன். காவல்காரர் அண்ணன் தோளைத் தட்டிவிட்டு அனுப்பிவிடுவார்.

ஏழாம் நாள் கேட்டில் ஒரு லோரி நின்றது. போலீஸ்காரர்கள், ஒரு வெள்ளைக்கார அதிகாரி. நம்ம காவல்காரர் ஓரமாக நின்றுகொண்டிருந்தார். ஒரு போலீஸ்காரன் அண்ணனைக் கையைத் தூக்கச் சொல்லித் தடவினான். முடிச்சை எடுத்து லோரிப் படியில் வைத்து அவிழ்த்தான்.

ஆபீசிலிருந்து கிராணியைக் கூப்பிட்டார்கள். லாயத்திலிருந்து அப்பா காலை இழுத்துக்கொண்டு வந்தார். இதை மனிதர்கள் சாப்பிடுவார்களா என்று அதிகாரி கேட்டார். அவித்துத் தின்பார்கள் என்று கிராணி சொன்னார். பொய் இல்லை, எங்கள் வீட்டிலும் எப்போதாவது அவித்திருக்கிறோம்.

யார் கொடுத்தது என்று அண்ணனைக் கேட்டார்கள்.

"யாரும் குடுக்கல. குதிரைய கூப்புடறதுக்கு நான்தான் சாக்குலேர்ந்து திருடினேன்."

அதிகாரி அப்பா பக்கம் திரும்பி, சாக்கில் குறைகிறதா என்று கேட்டார். தன் பிள்ளையைத் திருடன் என்று எழுதிவிடப் போகிறார்கள் என்பதுதான் அப்பாவின் பயம். அதற்கு மேல் ஒன்று இருக்கும் என்று அவருக்குத் தோன்றவில்லை.

"கொறையவே இல்லீங்க ஐயா. நாலு படின்னா நாலு படிதான். நான் தெனம் சாக்க தூக்கிப் பாக்குறவன். எம் மவன் திருட மாட்டான்."

கிராணியும் கணக்குப் புத்தகத்தைக் கொண்டுவந்து காட்டினார். எல்லாம் சரியாக இருந்தது. அதிகாரி ஏதோ எழுதிக்கொண்டார். அவருடைய கணக்கில், சாக்கில் குறையாத கொள்ளு வேறு எங்கிருந்தோதான் வந்திருக்க வேண்டும். வேறு யாரோ கொடுத்து, இவன் கால்வாய்க் கரையில் வைத்து யாருக்கோ கொடுக்கிறான். சொந்த அப்பா சொல்வதற்கு மாறாகப் பிள்ளை எதற்குப் பொய் சொல்கிறான்?

நான் வெள்ளையின் கயிற்றைப் பிடித்துக்கொண்டு ஐந்தடி தள்ளி நின்றேன். என்னிடம் டின் இருக்கிறது என்று சொல்ல வாய் வரைக்கும் வந்தது. சொன்னால் கணக்குத் தப்பு என்று ஆகிவிடும், கணக்குத் தப்பு என்றால் குதிரை போய்விடும், அப்பா வேலை போய்விடும் என்று நினைத்தேன். அந்த நேரத்திலும் நான் கணக்குத்தான் போட்டுக்கொண்டிருந்தேன். இதோடு நிறுத்தினால் அது என்னை நல்லவளாகக் காட்டும். எனக்குப் பயமாகவும் இருந்தது. போலீஸ்காரன் இடுப்பில் துப்பாக்கி இருந்தது.

மறுநாளே மேய்ச்சல் பாஸை ரத்து செய்துவிட்டார்கள். அந்த மாதமே கிள்ளானிலிருந்து ஆள் வந்து இரண்டு குதிரைகளையும் ஏற்றிக்கொண்டு போய்விட்டான். அப்பாவுக்கு ரப்பர் பால் கொட்டகையில் கூட்டுகிற வேலை, அரைச் சம்பளம். டின்னை நான் கக்கூஸில் கொட்டினேன்.

அண்ணனைக் கோர்ட்டுக்குக் கொண்டுபோகவே இல்லை. கோலசிலாங்கூர் ஸ்டேஷனில் கொஞ்ச நாள் வைத்திருந்து, அங்கிருந்து தடுப்பு முகாமுக்கு அனுப்பினார்கள். இரண்டு வருடம் நாலு மாதம். திரும்பி வந்தபோது இருமலோடு வந்தான். அந்த இருமல்தான் இப்போது அவனைக் கொண்டுபோனது.

அப்பா நாலு வருடத்துக்கு முன்னால் போய்ச் சேர்ந்தார். கடைசி வரைக்கும் அவர் சொல்லிக்கொண்டிருந்தது ஒன்றுதான். "கொறையுதுன்னு நான் ஒரு வார்த்த சொல்லியிருக்கலாம். திருட்டுக்கு ரெண்டு மாசம் போட்டு விட்டிருப்பான்." அப்பாவின் காலைப் பிடித்துவிட்டுக்கொண்டே நான் அதைக் கேட்டுக்கொண்டிருப்பேன். குறையவில்லை என்று நீங்கள் சொன்னது உண்மைதான், தப்பு உங்கள் மேல் இல்லை என்று சொல்ல எத்தனையோ நாள் இருந்தது.

அண்ணனும் நானும் அதைப் பற்றிப் பேசியதே இல்லை. அவன் முகாமிலிருந்து வந்த அன்று எனக்கு ரிப்பன் வாங்கி வந்திருந்தான். நான் அதைக் கட்டவில்லை. அவனுக்கு என் மேல் கோபம் இருக்கிறது, வெளியே காட்டாமல் இருக்கிறான் என்றே இத்தனை வருடமும் நினைத்துக்கொண்டிருந்தேன். அதற்குக் காரணம் லோரியில் ஏற்றினபோது நடந்தது.

கையைக் கட்டி ஏற்றினார்கள். அம்மா அதற்குள் ஓடி வந்து மண்ணில் விழுந்து கத்திக்கொண்டிருந்தார். அண்ணன் அம்மாவைப் பார்த்தான். அப்பாவைப் பார்த்தான். காவல்காரரைக்கூடப் பார்த்துத் தலையாட்டினான். லோரி கிளம்பி, திரும்பி, செம்மண் ரோட்டில் ஏறுகிற வரைக்கும் என் பக்கம் மட்டும் திரும்பவே இல்லை. நான் அண்ணே, அண்ணே என்று கூப்பிட்டுக்கொண்டே வேலியோரமாக ஓடினேன். அவன் காதில் விழுந்திருக்கும். குனிந்து தன் காலையே பார்த்துக்கொண்டு போனான்.

அவனுக்கு எதிரே துப்பாக்கியோடு ஒரு போலீஸ்காரன் உட்கார்ந்திருந்தான். அண்ணன் யாரைப் பார்க்கிறானோ அவர்களையெல்லாம் அவனும் திரும்பித் திரும்பிப் பார்த்துக்கொண்டிருந்தான். என்னை மட்டும் அந்தப் போலீஸ்காரன் பார்க்கவே இல்லை.