அண்ணன் தேடிய மறுபாதி

அண்ணன் எங்களை விட்டுப் பிரிந்து ஓராண்டு ஆகிறது. இந்த நினைவு மலரின் அட்டையில் அவர் படத்தை எதிர்பார்த்திருப்பீர்கள். அது உள்ளே இருக்கிறது. அட்டையில் இருப்பது கிழிந்த ஒரு துணித்துண்டின் படம். அச்சகத்துக்காரர்கூட, "இன்னாம்மா, படத்த மாத்திக் குட்த்துட்டியா?" என்று கேட்டார். மாற்றிக் கொடுக்கவில்லை. அது ஏன் அங்கே இருக்கிறது என்று சொல்லத்தான் இதை எழுதுகிறேன்.

அண்ணன் பிறந்தது சைதாப்பேட்டையில், அடையாற்றை ஒட்டிய ஒரு தெருவில். அப்பா சீக்கிரமே காலமாகிவிட்டதால், பள்ளிப் படிப்பைப் பாதியில் விட்டுவிட்டுத் தியாகராய நகரில் ஒரு ஜவுளிக்கடையில் வேலைக்குச் சேர்ந்தார். என்னை ஆசிரியை ஆக்கியது அந்தச் சம்பளம்தான். அண்ணன் மிகவும் அமைதியானவர் என்று உறவினர்கள் பலர் எழுதித் தந்திருக்கிறார்கள். கடையில் அப்படி இருந்திருக்கலாம். வீட்டில் குழம்புக்கு உப்பு குறைந்தால் தெருக்கோடி வரை தெரிந்துவிடும்.

அறுபதுகளின் கடைசியில் ஒரு மழைக்காலத்தில் ஆறு எங்கள் தெருவுக்குள் வந்துவிட்டது. எதிர்வீட்டு மொட்டைமாடியில் ஏறி நின்றோம். எங்கள் வீட்டுச் சுவர் கண்ணெதிரே சரிந்தது. படகு வர முடியாத வேகம். மதியத்துக்கு மேல் ஒரு ஹெலிகாப்டர் வந்து தலைக்கு மேலே நின்றது. கயிற்றில் ஒருவர் இறங்கினார். முதலில் என்னைத் தூக்கிக்கொண்டு போனார். பிறகு அம்மாவை. அண்ணன் மட்டும் மாடியில் நின்றார்.

அம்மாவுக்கு அவர் பேசிய இந்தி புரியவில்லை. மகனை விட்டுவிட்டுத் தன்னைக் கொண்டுபோகிறார்கள் என்றே நினைத்துவிட்டார். அந்தரத்தில் தொங்கியபடி அவரை அடித்திருக்கிறார், திட்டியிருக்கிறார், தோளைப் பிடித்துப் பிறாண்டியிருக்கிறார். பள்ளிக்கூட மைதானத்தில் எங்களை இறக்கிவிட்டு ஹெலிகாப்டர் திரும்பிப் போய் அண்ணனைக் கொண்டுவந்தது. அண்ணனை இறக்கியதும் நிற்காமல் வேறு தெருவுக்குப் பறந்துவிட்டது. அம்மா அண்ணனைக் கட்டிக்கொண்டு அழுது ஓய்ந்த பிறகுதான் கை விரலைப் பிரித்துப் பார்த்தார். உள்ளே ஒரு துணித்துண்டு இருந்தது.

தண்ணீர் வடிந்தபோது வீட்டில் எதுவும் மிச்சமில்லை. அண்ணனுக்கு இருந்தது ஒரே பேன்ட், அதுவும் முட்டியில் கிழிந்தது. அம்மாவிடம் இருந்தது அந்தத் துணித்துண்டு ஒன்றுதான். நல்ல கனம், கெட்டி நூல். முட்டியில் வைத்து ஒட்டுப் போட்டுவிட்டார். அண்ணனும் அதைப் போட்டுக்கொண்டு கடைக்குப் போய், வெள்ளை விரிப்பில் சம்மணமிட்டு உட்கார்ந்து சேலை விரித்தார்.

ஒருநாள் ராயப்பேட்டைக்காரர் ஒருவர், விமானப்படையில் வேலை செய்பவர், விடுமுறையில் சேலை எடுக்க வந்தார். சேலையைப் பார்க்கவில்லை, முட்டியைப் பார்த்தார்.

"இன்னா நைனா இது? இத்தப் போய் முட்டியில தெச்சிக்கினு கீறே? இது பேட்ச்சு. எந்தப் படைன்னு காட்ட சட்டையில தெச்சிக்கிறது. ஆளுங்க உசுரக் குட்த்து சம்பாதிக்கிறாங்க இத்த!"

அண்ணன் நடந்ததைச் சொன்னார். அவர் முகம் மாறிவிட்டது. குனிந்து உற்றுப் பார்த்தார். "ரெக்கையும் கயிறும் கீது. ஆள் தூக்குற ஹெலிகாப்டர் கூட்டம்தான். நம்பரு அந்தாண்ட பாதியில பூட்ச்சு. அது அவராண்டதான் இருக்கும்."

அன்று மாலை அண்ணன் வீட்டுக்கு வந்ததும் வராததுமாகப் பேன்ட்டைக் கழற்றி, ஒட்டைப் பிரிக்கச் சொன்னார். விஷயம் தெரிந்ததும் அம்மா ஊசியைக் கீழே வைத்துவிட்டார். "அந்தப் புள்ளைய நான் அடிச்சேன்டா. அதுவும் ஒரு தாய் பெத்த புள்ளதானே? எங்க கீதுன்னு பாத்து, மன்னிச்சிக்கோன்னு சொல்லிட்டு வாடா" என்றார். அதன்பின் அண்ணனுக்கு வேறு நினைப்பே இல்லை.

கடைக்கு வரும் ராணுவத்தார் ஒவ்வொருவரிடமும் கேட்டார். பாதியை எடுத்துக் காட்டுவார். யாருக்கும் அடையாளம் தெரியாது. ஆனால் அடுத்த விடுமுறைக்கு வரும்போது, தெரிந்த மீட்பு ஹெலிகாப்டர் பிரிவிலிருந்து ஒரு பேட்ச் வாங்கி வருவார்கள். அண்ணன் பாதியை அதன்மேல் வைத்துப் பார்ப்பார். பொருந்தாது. திருநெல்வேலிக்காரரான முதலாளி, "ஏலே, நீ சேல விக்கியா, ஹெலிகாப்டர் விக்கியா?" என்பார். அவரே பம்பாய்க்குச் சரக்கெடுக்கப் போனபோது ஒன்று வாங்கி வந்தார் என்பதையும் சொல்லிவிடுகிறேன். கப்பலில் வேலை செய்த ஒருவர் வெளிநாட்டு மீட்புப் படையின் பேட்ச் ஒன்றைக் கொண்டுவந்தார். "இது எதுக்குண்ணா, நம்ம ஆளு இல்லையே?" என்றேன். "இவங்களும் யாரோ ஒரு அம்மாவத் தூக்கியிருப்பாங்கல்ல?" என்றார்.

போர் விமானப் பிரிவுகளின் பேட்ச் கிடைத்தால் நன்றி சொல்லித் திருப்பிக் கொடுத்துவிடுவார். நண்பர்கள் இதை அண்ணனின் பொழுதுபோக்கு என்றார்கள். எனக்கும் பல நாள் அப்படித்தான் தோன்றியது. இப்போது யோசித்தால், வந்த ஒவ்வொன்றும் "அது நாங்கள் இல்லை" என்ற பதில்தான். அத்தனை பதில்களுக்குப் பிறகும் ஒரு மனிதர் கேட்டுக்கொண்டே இருந்தார் என்பது எனக்கு இன்றும் ஆச்சரியமாக இருக்கிறது.

வெள்ளத்தின்போது நிவாரணமாகக் கிடைத்த சாம்பல்நிறக் கம்பளியில் அம்மா அந்தப் பேட்ச்சுகளை வரிசையாகத் தைத்தார். நடுவில் அந்தப் பாதி. அதன் பக்கத்தில் பாதி இடத்தைக் காலியாக விட்டார். காமாலை முற்றிப் படுத்திருந்த கடைசி வாரங்களில் அண்ணன் அந்தக் கம்பளியைத்தான் போர்த்திக்கொண்டார். கண் மூடியிருக்கும்போதும் விரல் அந்தக் காலி இடத்தில் இருக்கும். அதைப் பார்க்கச் சகிக்காமல் நான் கொல்லைப்புறம் போய்விடுவேன். அவருக்கு முப்பது வயதுகூட ஆகவில்லை.

இரவு பகல் பாராமல் கவனித்த மருத்துவர்களுக்கும், கடையை அடைத்துவிட்டு ஓடிவந்த முதலாளிக்கும், எங்களைச் சாப்பிட வைத்த மந்தைவெளிச் சித்திக்கும், இறுதிவரை தோள் கொடுத்த தெருக்காரர்களுக்கும் எங்கள் நன்றி.

இன்னும் ஒருவருக்கு நன்றி சொல்ல வேண்டும். அவர் பெயர் எங்களுக்குத் தெரியாது. உங்கள் வீட்டிலோ பக்கத்து வீட்டிலோ விமானப்படையில் இருப்பவர் யாரேனும் இருந்தால், அட்டையைக் காட்டுங்கள். மறுபாதி அவரிடம் இருந்தால், அம்மா சொல்லச் சொன்னதை அப்படியே சொல்லுங்கள்:

"அடிச்சத மனசுல வெச்சிக்காத நைனா. எம்புள்ள பூட்டான். ஆனா அன்னிக்கே போவ வேண்டியவன். அப்புறம் எங்கூட இருந்த வருசமெல்லாம் நீ குட்த்தது."