காரணம் எழுதிய காகிதம்

அட்ரிப்யூட் என்ற ஆங்கிலச் சொல்லைப் பிழையில்லாமல் எழுத எனக்கு ஒரு மாதம் பிடித்தது. ஒரு காரியம் இன்னதால் நடந்தது என்று காரணம் காட்டுவதற்கான சொல் அது. அப்போது சுரங்கத்துக்கு மின்சாரம் வரவில்லை. நான் ஊரிகத்தில் வெள்ளைக்காரன் நடத்திய ஒரு தங்கச் சுரங்கத்தின் ஆபீசில் புதிதாகச் சேர்ந்த ரைட்டர். மிஷன் பள்ளியில் ஆறாவது வரை படித்தவன். நாலு பேர் எதிரில் வாய் திறந்தால் நாக்கு ஒட்டிக்கொள்ளும். கையெழுத்து மட்டும் அழகாக இருக்கும். அதற்காகத்தான் வேலை கொடுத்தார்கள்.

ஹெட் கிளார்க் வேலூர்க்காரர். அந்தச் சொல்லை வைத்து, வீட்டு நடப்பிலிருந்து தினமும் பத்து வாக்கியம் எழுதி வரச் சொல்வார். எழுதியதை ஆபீஸ் முழுக்கக் கேட்கும்படி படிப்பார். என் ஜுரத்துக்கு மழை காரணம் என்று எழுத நினைத்து ஒரு நாள் இரண்டையும் இடம் மாற்றிப் போட்டுவிட்டேன்.

“கேட்டீங்களாய்யா! இவருக்கு ஜுரம் வந்ததாலதான் ஊர்ல மழை பேயுதாம். ஏன்யா, ஏரி வத்திப்போச்சுன்னா உன்னப் படுக்க வச்சாப் போதுமா?”

மேசையைத் தட்டிச் சிரித்தார்கள். அன்றிலிருந்து என் பெயர் மழை ரைட்டர். பக்கத்து மேசைக்காரர் தினமும் கேட்பார்: “மழை ரைட்டரே, வீட்ல துணி காயப் போட்டுக்கீது. இன்னிக்கு ஒடம்பு நல்லா கீதா?”

“காரியம் முன்னால, காரணம் பின்னால. மண்டையில ஏத்திக்க” என்பார் ஹெட் கிளார்க். ஏற்றிக்கொண்டேன். சோறு வேகாததற்கு ஈர விறகு காரணம் என்று எழுதினேன். சரி என்றார். அம்மாவின் இருமலுக்குச் சுரங்கக் கல் அரைக்கும் மில் தூசி காரணம் என்று எழுதினேன். அதில் பிழை ஒன்றும் இல்லை. ஆனாலும் சிவப்பு மசியால் அடித்தார்.

“நம்ம தூசில யாருக்கும் இருமல் வராது. குளிர் காத்துன்னு போடு.”

போட்டேன்.

அந்த மாதக் கடைசியில் தொழிலாளர் குடியிருக்கும் எங்கள் லைனில் மூன்றாவது வீட்டுக்காரன் செத்துப்போனான். கல்யாணமாகி நாற்பது நாள். முந்தின ஷிப்டில் வைத்த மருந்து ஒன்று வெடிக்காமல் பாறைக்குள்ளேயே தங்கியிருக்கிறது. அதைப் பார்த்துச் சொல்ல வேண்டியவர்கள் பார்க்கவில்லை. இவன் அதே இடத்தில் துளை போட்டிருக்கிறான். கூட வேலை செய்து, காயத்தோடு மேலே வந்த இரண்டு பேர் இதை என்னிடமே சொன்னார்கள். அறிக்கை எழுதும் வேலை முதல்முறையாக எனக்கு வந்தது. வெடிக்காத மருந்து காரணம் என்று எழுதிக்கொண்டு போனேன்.

“யார் சொன்னாங்க?”

“கூட இருந்தவங்க சார்.”

“அவங்க கையெழுத்துப் போடுவாங்களா? நீ போடுவியா?”

நான் காகிதத்தைத் திருப்பி வாங்கிக்கொண்டேன்.

“செத்தவனோட கவனக்குறைவு காரணம்னு எழுது. அவன் எழுந்து வந்து இல்லன்னு சொல்ல மாட்டான்.”

எழுதினேன். ஒரு எழுத்துகூடத் திருத்தவில்லை அவர். “இப்பதான்யா உனக்கு அந்தச் சொல்லு வந்துக்கீது” என்று முதுகில் தட்டினார். ஒரு பிரதி செத்தவன் வீட்டுக்குப் போயிற்று.

அந்த வீட்டில் அவன் அம்மா காரணத்தை முதல் நாளே சொல்லிவிட்டிருந்தாள். “இவ காலெடுத்து வச்சா, எம் புள்ள பூட்டான்.” லைனில் முக்கால்வாசிப் பேர் அதையே சொன்னார்கள். மருமகளுக்குப் பதினாறு பதினேழு வயது இருக்கும். பதினாறாம் நாள் காரியம் முடிந்ததும் அவளைக் குடியாத்தத்துக்கு அனுப்பிவிடுவதாகப் பேச்சு. அங்கே தாய் தகப்பன் இல்லை. அக்காவும் செத்து, அக்கா புருஷன் மட்டும் இருந்தான்.

பதினைந்தாம் நாள் தண்ணீர்த் தொட்டியருகில் அவள் என்னை நிறுத்தினாள்.

“அண்ணா, ஆபீசு காகிதத்துல கல்லுன்னோ மருந்துன்னோ எதுனா எழுதிக்கீதா? அத எங்க அத்தைக்குப் படிச்சுக் காட்டுங்கண்ணா. என்னால இல்லன்னு தெரிஞ்சா ஒரு மூலைல கெடக்க உடுவாங்க. அந்தாளு வீட்டுக்குப் போறதுக்கு சொரங்க ஷாப்டுல உழுந்துடலாம்.”

சரி என்று தலையை ஆட்டினேன்.

மறுநாள் பந்தி முடிந்த பிறகு அவன் அம்மா காகிதத்தை என் கையில் கொடுத்தாள். வாசலில் முப்பது பேர். மருமகள் கதவுக்குப் பின்னால் நின்றிருந்தாள். மருந்து என்று மாற்றிப் படித்துவிடலாம் என்றுதான் வந்திருந்தேன். அறிக்கையில் என்ன இருக்கிறது என்று தெரிந்த பக்கத்து மேசைக்காரரும் சாப்பிட வந்திருந்தார்.

“படிங்க மழை ரைட்டரே, தப்பில்லாம படிங்க” என்றார்.

அவன் கவனக்குறைவு என்றால் அவள் ராசி காரணம் இல்லை என்றுதானே ஆகிறது என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். உள்ளபடி தமிழில் படித்தேன்.

கிழவி காகிதத்தைத் திரும்ப வாங்கி மடித்தாள்.

“எம் புள்ளைக்கா கவனம் இல்ல? ஆறு வருசம் கீழ எறங்கினான், ஒரு கீறல் பட்டுதா? இந்த நாப்பது நாள்ல அவன் கவனம் எங்க பூட்ச்சு?” கதவுப் பக்கம் திரும்பினாள். “இவ முந்தானைல பூட்ச்சு. நான் சொன்னா நாக்குல சனின்னீங்களே, இப்ப தொரை காகிதமே சொல்லிட்ச்சு, கேட்டுக்குங்க!”

அதுவரை அவளுக்காக ஒன்றிரண்டு வார்த்தை பேசியவர்களும் எழுந்து போனார்கள். வெள்ளைக்காரன் காகிதத்துக்கு மேல் என்ன பேசுவது? பக்கத்து மேசைக்காரர் வெற்றிலை போட்டுக்கொண்டே, “பிழையில்லாம படிச்சீங்க” என்றார்.

மறுநாள் காலை ஆபீசுக்குப் போகும்போது அவளை ரயிலடியில் பார்த்தேன். ஒரு மூட்டை. கூட அவள் மாமனார், எட்டி நின்று பீடி பிடித்துக்கொண்டிருந்தார். நான் தலையைக் குனிந்துகொண்டு கடக்கப் பார்த்தேன்.

“அண்ணா, அந்தக் காகிதத்த நீங்கதான் எழுதினீங்களாமே” என்றாள். குரலில் கோபம் இல்லை. “எனக்குப் படிக்கத் தெரியாது. எழுத்து ரொம்ப அழகா கீதுண்ணா.”

மூட்டையைத் தூக்கித் தலையில் வைத்துக்கொண்டாள்.

அன்று ஹெட் கிளார்க் பத்து வாக்கியம் கேட்கவில்லை. இனிமேல் விபத்து அறிக்கையெல்லாம் நான்தான் எழுதுவது என்றார். “உனக்கு இந்த இடம் யாரால கெடச்சுது? அதே சொல்ல வச்சு ஒண்ணு எழுது, பாப்போம்.”

அவருடைய தயவு காரணம் என்று எழுதிக் கொடுத்தேன். உரக்கப் படித்தார். யாரும் சிரிக்கவில்லை. சிரிக்க அதில் ஒரு பிழையும் இல்லை.

பதினைந்து வருடமாக அதே மேசையில் உட்கார்ந்து எழுதுகிறேன். மழை ரைட்டர் என்று இப்போது யாரும் என்னைக் கூப்பிடுவதில்லை.