நிழலில் உட்கார்ந்து பார்க்கும் வேலை

"நிழல்ல உக்காந்து பாக்கற வேலைக்குப் போயிடு பாப்பா." என் அம்மா எனக்காக வேண்டியது இது ஒன்றைத்தான். சிறுவாச்சூர் பக்கத்துக் காடுகளில் அடுத்தவர் வெங்காயத்துக்குக் களை வெட்டியே கறுத்துப் போனவள் அவள். அவள் சொன்னதை நான் அட்சரம் பிசகாமல் நிறைவேற்றினேன். அரியலூரில் ஓர் அலுவலகத்தில் எழுத்தர் வேலை, ஜன்னலே இல்லாத பதிவறையில் இருக்கை. பெரம்பலூரிலிருந்து தினமும் பஸ். எந்த வளைவில் எந்தப் பக்கம் நிழல் விழும் என்பது எனக்கு அத்துப்படி. பஸ் ஸ்டாண்டு வரை ஸ்கூட்டியில் போகும் ஏழு நிமிடத்துக்கும் முழங்கை வரை கையுறை, கண் மட்டும் தெரியத் துப்பட்டா. வங்கிக் கொள்ளைக்குக் கிளம்பியவள் மாதிரி இருப்பேன்.

நாற்பத்து மூன்று வயதில் படி ஏறினால் தொடை வலித்தது. உட்கார்ந்தால் எழ மனமில்லை. இடுப்பு மட்டும் உற்சாகமாக வளர்ந்துகொண்டிருந்தது. டாக்டரம்மா ரத்தப் பரிசோதனைக்கு எழுதிக் கொடுத்தார். சர்க்கரை வாசல் வரை வந்து செருப்பைக் கழற்றிக்கொண்டிருந்தது. வைட்டமின் டி ஒற்றை இலக்கத்தில் கிடந்தது.

"மேல வெயிலே படாதா உங்களுக்கு?"

"படாதுங்க டாக்டர்" என்றேன், பெருமையாக.

அவர் பேனாவை வைத்துவிட்டு நிதானமாகச் சொன்னார்: "டி கொறைஞ்சவங்களுக்கு சுகரும் ஏறியிருக்கறத நெறைய பாக்கறோம். ஆனா இதனாலதான் அதுன்னு அடிச்சுச் சொல்ல முடியாது. வாரம் ஒரு மாத்திரை எழுதறேன். உச்சிப் பொழுதுக்கு முன்னப் பின்ன கொஞ்ச நேரம் கை கால்ல வெயில் படட்டும். நடங்க. சோத்தப் பாதியாக்குங்க."

கடைசி இரண்டும் என் காதில் ஏறவில்லை. மாத்திரையும் வெயிலும் சேர்ந்தால் சர்க்கரை ஓடிவிடும், சோறு தப்பித்தது என்று நானே தீர்ப்பு எழுதிக்கொண்டு வந்தேன்.

வெயிலில் நிற்பதில் ஒரே ஒரு சிக்கல், அம்மா. அப்பா போன பிறகு, ஐந்து வருடமாக அவள் என்னோடுதான் இருக்கிறாள். வந்த அன்றே, "இனிமே நீ வெயில்ல காலு வைக்கக் கூடாது" என்று உத்தரவு போட்டுவிட்டேன். எனக்கு நிழல் தேடிக் கொடுத்தவளுக்கு நானும் நிழல் கொடுத்தேன் என்று பஸ்ஸில் பக்கத்தில் உட்காருபவர்களிடம்கூடச் சொல்லியிருக்கிறேன். அவளிடம் போய், நீ ஆசைப்பட்ட நிழல்தான் எனக்கு நோவாகிவிட்டது என்று எப்படிச் சொல்வது? உடைந்துபோவாளே என்று பயந்தேன். சர்க்கரைக்குக்கூட நான் அவ்வளவு பயப்படவில்லை.

ஞாயிற்றுக்கிழமை பதினொரு மணிக்குத் துணி காயப்போடுவதாகச் சொல்லி மாடிக்குப் போனேன். பத்து நிமிடம் காய்ந்த பிறகுதான் கையைப் பார்த்தேன். பழக்க தோஷத்தில் கையுறையை மாட்டிக்கொண்டு வந்திருந்தேன். கழற்றிவிட்டு, புடவையைக் கெண்டைக்கால் வரை ஏற்றி உட்கார்ந்த நேரத்தில், முட்டியைப் பிடித்தபடி அம்மா படியேறி வந்தாள். கையில் குடை.

"பைத்தியமா புடிச்சிருக்கு? கறுத்துப் போயிடுவடி!"

இனிமேல் என்னைப் பெண் பார்க்க யார் வரப்போகிறார்கள்? ஆனாலும் குடை விரிந்தது. நான் தண்ணீர்த் தொட்டிப் பக்கம் நகர்ந்தேன், குடையும் நகர்ந்தது. மூன்று ஞாயிறு இப்படியே போனது. வைத்தியம் எனக்கு, வெயில் அவளுக்கு.

நாலாவது ஞாயிறு பொறுக்க முடியாமல் உண்மையைச் சொல்லிவிட்டேன். "அம்மா, எனக்கு வெயில் பத்தலையாம். அதனாலதான் ஒடம்பு வலியாம்."

அழுவாள் என்று எதிர்பார்த்தேன். அவள் குடையை மடக்கினாள். "அப்ப எனக்கும் பாக்கச் சொல்லு. நாலு வருசமா காலு வலி எந்திரிச்சு நிக்கவே வுட மாட்டேங்குது."

நான் சிரித்தேன். "நீ பட்ட வெயிலு ஏழு ஜென்மத்துக்குக் காணும்மா." வெயிலென்ன, குதிரில் கொட்டி வைத்து வேண்டும்போது அள்ளிக்கொள்கிற நெல்லா? அதுகூடத் தெரியாத பட்டதாரி நான்.

பரிசோதனையில் அம்மாவின் வைட்டமின் டி என்னுடையதைவிடக் கீழே இருந்தது. சர்க்கரை வாசலில் நிற்காமல் உள்ளே வந்து குடித்தனமே நடத்திக்கொண்டிருந்தது.

"ஏம்மா, நீங்க வெளிய போறதே இல்லையா?" என்று டாக்டரம்மா அவளிடம் கேட்டார்.

"போனா இவளுக்குக் கௌரவக் கொறச்சலுங்க. வெங்காயத் தாளு அறுக்கக் கூப்புட்டாங்க. சும்மா குந்தியிருக்கறதுக்குப் போறேனேன்னு கேட்டேன். ஆபீஸ்காரங்க பாத்தா என்ன நெனைப்பாங்கன்னுட்டா."

குறையாகச் சொல்லவில்லை. வீட்டு வழக்கத்தைச் சொல்வது போலத்தான் சொன்னாள். நான் அப்படிச் சொன்னது உண்மை, ஒரு தடவை அல்ல, வெங்காயம் பிடுங்குகிற ஒவ்வொரு பருவத்திலும். அம்மாவைச் சுகமாக வைத்திருப்பதாக நினைத்துக்கொண்டு அவளை ஒளித்து வைத்திருந்திருக்கிறேன்.

"இனிமே போலாங்களா?" என்று அம்மா கேட்டாள்.

"தாராளமாப் போங்க" என்றார் டாக்டரம்மா.

அம்மா அதற்குப் பிறகும் எழுந்திருக்காமல் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.