அடையில் இருந்த கோழி

அண்ணி எங்கள் வீட்டுக்கு வந்து சேர்ந்த அந்தப் பிற்பகல் இன்னும் என் கண்ணில் நிற்கிறது. எனக்குக் கல்யாணமாகி ஒரு வருடம்கூட ஆகியிருக்கவில்லை. வாசலில் பாய் விரித்து ராகி காயப்போட்டுக்கொண்டிருந்தேன். அரூரிலிருந்து வரும் பஸ் கிளப்பிய புழுதி அடங்குவதற்குள், ஒரு தகரப்பெட்டியை இடுப்பில் வைத்துக்கொண்டு அவர் வேலியோரமாக நடந்து வந்தார். என் கணவருக்கு அக்கா. தீர்த்தமலைப் பக்கம் ஒரு கொத்தனாருக்குக் கட்டிக்கொடுத்திருந்தார்கள். என் கல்யாணத்தில் பார்த்ததைவிடப் பாதியாக இளைத்திருந்தார். வந்தவர் என்னை ஏறிட்டுப் பார்த்து, "மேகம் கட்டுது, ராகிய அள்ளு புள்ள" என்றார். பெட்டியைக் கீழே வைத்துவிட்டுப் பாயின் மறுமுனையைப் பிடித்தார். அவர் என்னிடம் பேசிய முதல் பேச்சு அதுதான்.

அன்று சாயங்காலம் என் கணவர், "மாமா வரலியாக்கா?" என்று கேட்டார். "வரல" என்றார் அண்ணி. அதற்குமேல் அவரும் கேட்கவில்லை, நானும் கேட்கவில்லை. ஒரு வாரம் போனது, ஒரு மாதம் போனது. அண்ணி திரும்பிப் போகப்போவதில்லை என்பது யாரும் சொல்லாமலே எங்களுக்கு விளங்கிவிட்டது. மாமனார் மாமியார் இருவரும் எப்போதோ போய்விட்டிருந்தார்கள். அண்ணிக்குக் குழந்தைகள் இல்லை. ஆக, அந்த ஓட்டு வீட்டில் நாங்கள் மூன்று பேர்.

எங்கள் தெரு முழுக்க வேதக்காரர்கள். தெருக்கோடியில் மாதா கோவில். புருஷனை விட்டு வந்த பெண்ணுக்கு அந்தத் தெருவில் இடம் சுலபமாகக் கிடைத்துவிடாது. தண்ணீர்க் குழாயடியில் மேட்டு வீட்டுக்காரி எல்லோர் காதிலும் விழும்படிதான் பேசுவார். "தாலி கட்டுனவன உட்டுட்டு வந்து தம்பி வூட்டுச் சோத்த தின்னுக்கிட்டு இருக்கறா" என்று ஒருநாள் சொன்னதை நானே கேட்டேன். அவர் மகளுக்குக் குழந்தை பிறந்தபோது அண்ணி பார்க்கப் போனார். குழந்தை தூங்குகிறது என்று வாசலோடு திருப்பி அனுப்பிவிட்டார்கள். அண்ணி வீட்டுக்கு வந்து, ஒன்றும் நடக்காததுபோல முருங்கைக்கீரையை உருவ உட்கார்ந்தார்.

அதற்குப் பிறகுதான் கோழி வந்தது. கடலை ஆய்ந்த கூலியில் கடத்தூர் சந்தையிலிருந்து ஒரு பெட்டைக்கோழியைக் காலைக் கட்டித் தூக்கிக்கொண்டு வந்தார். எனக்கு அது சுத்தமாகப் பிடிக்கவில்லை. நான் பிறந்த வீட்டில் கோழி வளர்த்ததில்லை. சாணி போட்டு மெழுகிய வாசலில் எச்சம் விழும்போதெல்லாம் எரிச்சல் வரும். அரிசிக் கூடைக்குள் ஏறி முட்டையிடும். காயப்போட்ட தானியத்தைக் கிளறும். அண்ணி என்னிடம் ஒருநாளும் சண்டைக்கு வரவில்லை. எச்சத்தை எனக்கு முன்னால் எழுந்து வழித்துப்போட்டுவிடுவார். ஆனால் கோழியை மட்டும் விட்டுக்கொடுக்கவில்லை.

முதல் அடை வைத்ததை நான் பக்கத்தில் இருந்து பார்த்தேன். பழைய கூடையில் மணல் பரப்பி, வைக்கோலைச் சுருட்டி வைத்து, முட்டைகளை ஒவ்வொன்றாக வெயிலில் உயர்த்திப் பார்த்துத் தேர்ந்தெடுத்தார். இடிச் சத்தத்துக்கு முட்டை கெட்டுவிடும் என்று ஒரு துண்டு இரும்பையும் கரியையும் ஓரத்தில் சொருகினார். கோழி அதன்மேல் குந்திய பிறகு அந்த அறையில் சத்தமாகப் பேசக்கூடாது. பொரிக்கும் நாள் நெருங்கியபோது ஒரு முட்டையை எடுத்துக் காதில் வைத்துக்கொண்டார். உள்ளிருக்கும் குஞ்சின் சத்தம் கேட்கும் என்று எனக்கும் கொடுத்தார். மெல்லிய கொத்தல் ஒன்று கேட்டது. நான் சிரித்துவிட்டேன். அவர் சிரிக்கவில்லை. முட்டையை வாங்கி, கண்ணை மூடிக்கொண்டு இன்னொரு முறை காதில் வைத்தார். வேண்டுதல்போல இருக்கிறது என்று அன்று நினைத்தேன்.

அடுத்த இரண்டு வருடங்களில் முற்றம் நிறைந்தது. பருந்தும் கீரியும் தங்கள் பங்கை எடுத்துக்கொண்டுதான் இருந்தன. பருந்தின் நிழல் விழுந்தால் அண்ணி வயலிலிருந்துகூடக் குரல் கொடுப்பார், குஞ்சுகள் வேலிக்குள் பதுங்கும். பானையில் சாணியும் கிழிந்த சாக்கும் திணித்து ஈரநிலத்தில் கவிழ்த்து வைத்தால் மறுநாள் கறையான் ஏறியிருக்கும். அதைக் குஞ்சுகளுக்கு உதறிவிடுவார். முட்டை வாங்க சைக்கிளில் ஆள் வர ஆரம்பித்தான். கிறிஸ்துமஸுக்கு அண்ணி தன் கைக்காசில் சேலை எடுத்தார், எனக்கும் ஒன்று எடுத்தார். தம்பியிடம் சோப்புக்குக்கூட அவர் கேட்க வேண்டியிருக்கவில்லை. எச்சத்தின்மேல் இருந்த என் எரிச்சல் எப்போது போனதென்று எனக்கே தெரியவில்லை.

பிறகு ஒரு கோடையில் வெள்ளைக் கழிச்சல் என்ற கோழி நோய் வந்தது. முதலில் ஒரு சேவல் தலையைத் தொங்கப்போட்டுக்கொண்டு மூலையில் நின்றது. மறுநாள் நான்கைந்து. இறகைச் சிலிர்த்துக்கொண்டு, வாயைத் திறந்து மூச்சுவிட்டன. சின்ன வெங்காயம், சீரகம், மிளகு, கீழாநெல்லி எல்லாம் அரைத்து உருட்டி, ஒவ்வொன்றின் அலகையும் பிரித்து ஊட்டினார். கேட்கவில்லை. தெருவில் மற்ற வீடுகளிலும் கோழிகள் விழுந்தன. சிலர் சாவதற்குள் அறுத்துக் குழம்பு வைத்தார்கள். அண்ணி அதற்குச் சம்மதிக்கவில்லை. புளியமரத்தடியில் குழி வெட்டி எல்லாவற்றையும் புதைத்தார். "அவ கோழிங்க தான் எல்லாத்துக்கும் சீக்க குடுத்துச்சு" என்றார் மேட்டு வீட்டுக்காரி.

தப்பியது ஒரே ஒரு கருப்புப் பெட்டை. நோய் விட்டபோது அதன் கழுத்து ஒரு பக்கமாகக் கோணிப்போயிருந்தது. தீனியைக் கொத்தினால் அலகு வேறு இடத்தில் படும். அண்ணி அதை மடியில் வைத்துக் கையால் ஊட்டினார். பிறகு கடத்தூர் கால்நடை ஆஸ்பத்திரிக்குப் போய் விசாரித்துவிட்டு வந்தார். முன்கூட்டியே ஊசி போட்டால் இந்த நோய் வராதாம். ஆனால் ஒரு குப்பி மருந்து நூறு கோழிக்கு ஆகும், உடைத்தால் உடனே போட்டு முடித்துவிட வேண்டும். ஐஸில் வைத்து எடுத்து வரவேண்டும். நாலு கோழி வைத்திருப்பவளுக்காக யாரும் அதை உடைக்க மாட்டார்கள். தெருவே சேர்ந்தால்தான் ஆகும். வீடு வீடாகப் போய்க் கேட்டார். ஊசி போட்டால் கோழி முட்டை வைக்காது என்று சிலர் சொன்னார்கள். சிலர் கதவையே திறக்கவில்லை.

அண்ணி மறுபடியும் ஒன்றிலிருந்து தொடங்கினார். அந்தக் கோணக்கழுத்துப் பெட்டை முட்டையிட்டது. சந்தையிலிருந்து ஒரு சேவல் வந்தது. கொஞ்சம் கொஞ்சமாக முற்றத்தில் சத்தம் திரும்பியது. அப்போதுதான் ஒரு ஞாயிற்றுக்கிழமை, பூசை முடிந்து, பங்குச் சாமியார் எங்கள் வீட்டுக்கு வந்தார். கூடவே அண்ணியின் கணவர். வெள்ளைச் சட்டை போட்டு, தலையைப் படிய வாரியிருந்தார்.

என் கணவருக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. நாற்காலியை எடுத்துப் போட்டார், பாயை விரித்தார். வீட்டு மாப்பிள்ளை நெடுநாள் கழித்து வந்தால் கோழி அடிக்க வேண்டும். அதை யாரும் சொல்லத் தேவையில்லை. என் கணவர் கொல்லைக்குப் போய், பஞ்சாரக் கூடையால் மூடியிருந்த சேவலை எடுக்கக் குனிந்தார். அண்ணி கூடைமேல் கையை வைத்துக்கொண்டார்.

"தம்பி, அத உடு."

"அக்கா, மாமா வந்திருக்காரு. சாமி வேற வந்திருக்காங்க. என்னா நெனைப்பாங்க?"

"சாமிக்குன்னா நானே அறுத்து கொழம்பு வெக்கறேன். அந்தாளுக்கு இதுல ஒரு எலும்பு கெடையாது."

கூடத்தில் எல்லாம் கேட்டது. சாமியார் லேசாகச் செருமிவிட்டு, "எனக்கு மோரு போதும்மா. நீ இப்பிடி வந்து ஒக்காரு" என்றார். அண்ணி வந்து கதவு நிலையில் சாய்ந்து நின்றார், உட்காரவில்லை. சாமியார் பொறுமையாகப் பேசினார். பீடத்துக்கு முன்னால் கொடுத்த வாக்கைப் பற்றிச் சொன்னார், மன்னிப்பைப் பற்றிச் சொன்னார். இவர் குடியை விட்டுவிட்டதாகச் சொல்கிறார், ஒரு தடவை நம்பிப் பார்க்கலாமே என்றார்.

"மாதா மேல சத்தியம் பண்ணிட்டேன். இன்னும் நான் என்னா பண்ணணும்?" என்றார் அண்ணியின் கணவர்.

அண்ணி அவரைப் பார்க்கவில்லை. "சாமி, உங்க வூட்ல கோழி வளத்தாங்களா?" என்று கேட்டார்.

"வளத்தாங்கம்மா. எங்கம்மா நெறைய வளத்தாங்க."

"அடையில குந்தியிருக்கற கோழிய யாராச்சும் அறுப்பாங்களா?"

அண்ணி அதே குரலில், உயராமல் தாழாமல் சொன்னார். "பொரிக்கற நேரங்க சாமி. காதுல வெச்சா உள்ள சத்தம் கேக்குது. இவரு கூட்டாளிங்கள கூட்டிக்கிட்டு வந்தாரு. மத்த கோழிங்க மேய போயிருந்துச்சு. அடையில இருக்கறது ஓடாதுல்ல, அதத் தூக்கி அறுத்துட்டாரு. நாந்தான் கொழம்பு வெச்சேன். முட்டைங்கள மடியில கட்டிக்கிட்டு, அடுப்புகிட்ட ஒக்காந்து வெச்சேன். சூடு ஆறிடக் கூடாதேன்னு. ராத்திரி பூரா அப்பிடியே மடியில வெச்சிருந்தேன். ஒன்னு கூட பொரிக்கல."

நிலையை விட்டு நிமிர்ந்து நின்றார். "என்னய அடிச்சத எல்லாம் நான் சொல்லவே இல்ல சாமி. எல்லா வூட்லயும் நடக்கறதுதானேன்னுவாங்க. இதுக்கு என்னா சொல்லுவாங்க?"

எத்தனையோ நாட்கள் ஒரே அடுப்பில் சமைத்து, ஒரே கூரையின்கீழ் படுத்து எழுந்திருக்கிறோம். அவர் ஏன் வந்தார் என்று அன்றுதான் எனக்குத் தெரிந்தது. கண்ணை மூடிக்கொண்டு முட்டையைக் காதில் வைத்திருந்த முகம் எனக்கு நினைவு வந்தது.

"ஒரு கோழிக்குப் போயி..." என்று ஆரம்பித்தார் அந்த மனிதர். யாரும் அவர் பக்கம் திரும்பவில்லை. சாமியார் மோரைக் குடித்து முடித்தார். டம்ளரைக் கீழே வைத்துவிட்டு எழுந்து, "வாங்க, போலாம்" என்றார் அவரிடம். வாசலில் நின்று என் கணவரின் தோளில் கை வைத்து, "அக்கா இங்கயே இருக்கட்டும்பா" என்றார். அன்று மத்தியானம் நாங்கள் மூன்று பேரும் களியும் கீரையும் சாப்பிட்டோம். அண்ணி வழக்கத்தைவிட ஓர் உருண்டை கூடுதலாகச் சாப்பிட்டார்.

அண்ணியின் கணவர் பிறகு வரவேயில்லை. அண்ணி கடைசிவரை எங்களோடுதான் இருந்தார். என் பிள்ளைகளை எடுத்து வளர்த்தார். அந்த ஓட்டு வீட்டை இடித்துத்தான் இப்போதைய வீட்டைக் கட்டினோம். இப்போது கறி வேண்டுமென்றால் தெருமுனைக் கடையில் உரித்துக் கொடுக்கிறார்கள். எங்கள் முற்றம் சிமெண்ட் போட்டுச் சுத்தமாக இருக்கிறது. ஆனால் அண்ணியை நினைத்தால் எனக்கு அவர் மூப்போ சாவோ முதலில் நினைவுக்கு வருவதில்லை, ஒரு திங்கட்கிழமைக் காலைதான் வருகிறது. அந்த ஞாயிற்றுக்கிழமைக்குப் பிறகு சாமியார் இன்னொரு முறை, தனியாக, எங்கள் வீட்டுக்கு வந்தார். கோணக்கழுத்துக் கோழியைப் பார்த்து அதற்கு என்ன ஆயிற்று என்று விசாரித்தார். அண்ணி நோயையும் குப்பி மருந்தையும் பற்றிச் சொன்னார். அடுத்த வாரம் பூசை முடிவில், கல்யாண அறிவிப்புகளை வாசித்த பிறகு சாமியார் தொண்டையைச் சரிசெய்துகொண்டார். "நாளைக்குக் காலையில கோழிங்களுக்கு ஊசி போடறாங்க. யாரும் தொறந்து உட்றாதீங்க. நம்ம அக்கா வூட்டுக்குக் கொண்டாந்துருங்க" என்றார். எந்த அக்கா என்று அவர் சொல்லவில்லை. பெண்கள் பக்கத்தில் தலைகள் ஒவ்வொன்றாகத் திரும்பின. அண்ணி முக்காட்டை முன்னால் இழுத்துவிட்டுக்கொண்டு குனிந்துகொண்டார்.

திங்கட்கிழமை விடிந்தபோது எங்கள் வாசலில் கூட்டம். கக்கத்தில் இடுக்கிக்கொண்டும், கூடையில் மூடிக்கொண்டும், சாக்கில் ஓட்டைபோட்டுத் தலையை மட்டும் வெளியே விட்டும் கோழிகள் வந்திருந்தன. கடத்தூரிலிருந்து வந்த கம்பவுண்டர் ஐஸ் பிளாஸ்கைத் திறந்து மருந்தைக் கலக்கினார். அண்ணி ஒவ்வொரு கோழியின் இறக்கையையும் விரித்துப் பிடிக்க, அவர் ஊசி போட்டார். தெரு முழுக்க ஒரே கொக்கரிப்பு. கடைசியாக, வெறும் கையோடு, மேட்டு வீட்டுக்காரி வந்து ஓரமாக நின்றார். அண்ணி நிமிர்ந்து பார்த்தார்.

"எல்லாத்தயும் மருமவ கொண்டாந்துட்டா. ஒன்னு மட்டும் அடையில குந்தியிருக்குது" என்றார் மேட்டு வீட்டுக்காரி, தரையைப் பார்த்தபடி. "தூக்கிட்டு வரட்டுமா?"

"எழுப்பாதீங்க" என்றார் அண்ணி. கையை முந்தானையில் துடைத்துக்கொண்டு கம்பவுண்டரைக் கூப்பிட்டார். "வாங்க சார், நாம போயி அங்கயே போட்டுட்டு வந்துரலாம்."

மேட்டு வீட்டுக்காரி முன்னால் நடந்தார். அண்ணி அவருக்குப் பின்னால் அந்த வீட்டு வாசற்படியேறி உள்ளே போனதை நான் இங்கிருந்து பார்த்துக்கொண்டு நின்றேன்.