நேராக இழுத்த கம்பி

பட்டறையில் ஒரு நாற்காலி, மொட்டை மாடியில் ஒரு மூலை, காற்றலையில் ஓர் இடம், வானத்தில் ஒரு சாண் கம்பி. என் தங்கை வென்று எடுத்தவை இவை. எதுவும் தானாக வரவில்லை. மோட்டாருக்குச் செம்புக் கம்பியைச் சுருளாகச் சுற்றிக் காயில் கட்டும் பட்டறையில், "பொம்பளைக்கு இங்க என்னம்மா வேலை?" என்று கேட்டவர் முதலாளி. அவள் கட்டிய காயில் ஒன்றுகூடப் புகைந்து திரும்பி வராததைப் பார்த்த பிறகு, தன் நாற்காலியையே இழுத்துப் போட்டார். இடி விழும் என்று பயந்த வீட்டுக்காரருக்குத் தரைக்கம்பி இறக்கிக் காட்டி, மாடி மூலையை வாங்கினாள். சின்ன வயதுக் காய்ச்சல் ஒன்று அவள் இடது காதை மந்தமாக்கிவிட்டுப் போயிருந்தது. மிச்சமிருந்த ஒற்றைக் காதை வைத்துக்கொண்டே மோர்ஸ் தந்தி கேட்டு எழுதும் பரீட்சையில் இரண்டாம் தடவை தேறி, அமெச்சூர் ரேடியோ உரிமம் பெற்றாள். முதல் நாள் மைக்கைப் பிடித்து அழைத்தபோது எங்கோ தூரத்து ஊர்க்காரர் ஒருவர், "வீட்டுல பெரியவங்க யாரும் இல்லையாம்மா? செட்டை அவங்ககிட்டக் குடு" என்றார். "செட்டைச் செஞ்சதே நான்தான் சார், ஓவர்" என்றாள் இவள்.

பட்டறைக்குக் கிளம்பும் முன்னும், திரும்பி வந்த பின்னும் அவளை அந்த மாடி மூலையில் பார்க்கலாம். கையில் அவளே செய்த ஆன்டெனா. தச்சர்கள் வைத்திருக்கும் இரும்பு அளவு நாடாவைத் துண்டு துண்டாக வெட்டி, பிளாஸ்டிக் குழாயில் மீன்முள் போலப் பொருத்தியது. ஹெட்போன் நல்ல காதில் மட்டும் இருக்கும். வெறும் வானத்தில் எதையோ பின்தொடர்கிறவள் மாதிரி ஆன்டெனாவை ஒரு கோடியிலிருந்து மறுகோடி வரை மெல்ல நகர்த்துவாள். தெருவில் போகிறவர்கள் நின்று மேலே பார்ப்பார்கள். அங்கே ஒன்றும் தெரியாததால் அவளைப் பார்ப்பார்கள். தெருப் பிள்ளைகள் அவளுக்கு வைத்த பெயர் சிக்னல் அக்கா.

பஸ் ஓட்டும் என் வீட்டுக்காரருக்கு அவளைச் சீண்டாமல் பொழுது விடியாது. "உன் தங்கச்சி வானத்துல தூண்டில் போடுறா. ஒரு குஞ்சு மீன்கூட மாட்டலை."

"மீன் இல்ல மாமா. பேச்சு நின்னுபோன புள்ள. கூப்பிட்டுக்கிட்டே இருந்தா ஒருநாள் திரும்பிப் பார்க்கும்."

"நான்கூடத்தான் உங்க அக்காவைக் கூப்பிட்டுக்கிட்டே இருக்கேன்."

நான் தையல்காரி. எட்டாவதோடு படிப்பு நின்றது. ஆனாலும் ஒரு பொருளின் வேலைப்பாடு எனக்குத் தெரியும். அவள் செய்த ரேடியோ ஒவ்வொன்றும் ஒரு பால்பவுடர் டப்பாவிலோ பிஸ்கட் டப்பாவிலோ குடியிருக்கும். மாத்திரை டப்பாவின் மேல் காயில் சுற்றியிருப்பாள். ஒரு சுற்றின் மேல் இன்னொரு சுற்று ஏறியிருக்காது. மூடியைத் திறந்தால் கம்பிகள் கோடு போட்ட நோட்டு மாதிரி நேராக ஓடும், திரும்ப வேண்டிய இடத்தில் மடித்து வைத்தாற்போல் திரும்பும். எதுவும் தொங்காது, எதுவும் வளையாது. "தொங்குற ஒயரைப் பார்த்தா, தலை சீவாம பள்ளிக்கூடம் போற மாதிரி இருக்குக்கா" என்பாள்.

நான் தைக்கும் எல்லாச் சட்டையிலும் கழுத்துப் பட்டியின் உள்ளே என் பெயர் போட்ட சிறு துணி இருக்கும். அவள் தான் செய்த எதிலும் பெயர் எழுதியதில்லை. "ஒரு வருஷம் ஒழுங்கா உழைக்கட்டும், அப்புறம் போடலாம்" என்பாள். ஒரு வருஷம் ஆவதற்குள் அதைப் பிரித்து வேறு மாதிரி கட்டிவிடுவாள். மறுபடி ஒரு வருஷம். கையெழுத்துப் போடும் நாள் வரவே வராது.

ரேடியோ அவளுக்குப் பாதை மாதிரி. போய்ச் சேர நினைத்த இடம் வானம். ராக்கெட் கிளம்புவதை டிவியில் காட்டும்போது உட்கார மாட்டாள். "உக்காரும்மா, நீ உக்காந்தாலும் அது போகும்" என்பார் என் வீட்டுக்காரர். கேட்க மாட்டாள். தக்காளி என்ன விலை என்று தெரியாது. சூரியக் குடும்பத்தைத் தாண்டிப் போய்க்கொண்டிருக்கும் விண்கலம் இன்றைக்கு எவ்வளவு தூரத்தில் இருக்கிறது என்று தெரியும். வரன் கொண்டுவந்த தரகர், "பொண்ணுக்கு வியாழ நோக்கம் வந்தாச்சு" என்றார். "நான் தினமும் வியாழனைத்தான் நோக்குறேன். அது என்னைத் திரும்பிப் பார்க்கலையே" என்றாள். தரகர் தண்ணீர்கூடக் குடிக்காமல் போய்விட்டார்.

இப்படிப்பட்டவளை ரேடியோ ஆர்வலர் சங்கம் கூப்பிட்டது. உறுப்பினர்கள் சேர்ந்து ஒரு சின்னச் செயற்கைக்கோள் செய்தார்கள். ஒரு கையில் தூக்கிவிடலாம், மதியச் சாப்பாட்டு அடுக்கு அளவுதான். ஏதோ ஒரு பெரிய ராக்கெட்டில் மிச்சமிருந்த இடத்தில் அது ஏறிப் போனது. அதன் வெளிப்பக்கத்துச் சூரியத் தகடுகளிலிருந்து உள்ளே இருக்கும் டிரான்ஸ்மிட்டருக்குக் கரண்ட் கொண்டுபோகும் கம்பியை ஈயத்தால் பற்றவைத்தது என் தங்கை. நான் சொன்ன அந்த ஒரு சாண் கம்பி அதுதான். அளவு கொடுக்க வந்த ஒருவரையும் இந்தச் சேதி சொல்லாமல் நான் அனுப்பவில்லை.

ஒரே மாதிரி இரண்டு பெட்டி செய்திருந்தார்கள். ஒன்று பறக்க, ஒன்று தரையில் பார்வைக்கு. இரண்டின் உள்மூடியிலும் எல்லோரும் கையெழுத்துப் போட்டார்கள். சங்கத் தலைவர் கல்லூரியில் இயற்பியல் நடத்துகிறவர். எல்லோரும் வாத்தியார் என்பார்கள். அவர் பேனாவை நீட்டினார். இவள், "ஒரு வருஷம் ஓடட்டும் சார்" என்றாள். அவளுக்காக ஓர் இடத்தைக் காலியாக விட்டு மூடினார்கள்.

பெட்டி சில மாதங்கள் நன்றாகப் பேசியது. மேலே கடக்கும்போதெல்லாம் 'டிட் டா' என்று மோர்ஸில் தன் பெயரைச் சொல்லும். எனக்கும் ஒருமுறை ஹெட்போனை மாட்டிவிட்டாள். கொசு பாடுகிற மாதிரி இருந்தது. இருந்தாலும் கண் கலங்கிவிட்டது. பிறகு பேச்சு விட்டுவிட்டு வந்தது. ஒருநாள் நின்றே போனது.

பேட்டரி போய்விட்டது என்று சங்கத்தில் பேசி முடித்து அடுத்த வேலையைப் பார்க்கப் போனார்கள். இவள் மட்டும் மாடியை விடவில்லை. பெட்டி சுற்றச் சுற்றக் கீழே இறங்கிக்கொண்டிருந்தது. கொஞ்ச நாளில் காற்றில் உரசி எரிந்துவிடும். அதற்குள் ஒரே ஒரு தடவை அது பேசிவிட வேண்டும். அவளுக்கு வேறு எதுவும் வேண்டியிருக்கவில்லை.

ஏன் அவ்வளவு பிடிவாதம் என்று ஒரு ஞாயிற்றுக்கிழமைதான் எனக்குத் தெரிந்தது. ஆஸ்பத்திரி நர்ஸ் ஒருத்திக்குச் சீருடை வெட்டிக்கொண்டிருந்தேன். பக்கத்தில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தவள் கேட்டாள்.

"கைகிட்ட ஏன்க்கா இவ்வளவு தளர்வா விடுற? அசிங்கமா இருக்கு."

"பார்க்க அசிங்கமாத்தான்டி இருக்கும். கையைத் தூக்கணும்ல? அளவாத் தச்சா முதல் நாளே கிழிஞ்சுடும்."

வெட்டிய துணியை எடுத்து அந்தத் தளர்வை விரலால் தடவிக்கொண்டே இருந்தாள்.

"நானும் விட்டேன்க்கா. அப்புறம் பிரிச்சுட்டேன்."

"எதைடி?"

"அந்த ஒயரை. மேல வெயில் வந்தா சூடு, நிழல் வந்தா ஐஸ். மாறி மாறி நீளும், சுருங்கும். அதனால கொஞ்சம் வளைச்சுத் தொங்க விடணும். ரெண்டு பெட்டியிலயும் விட்டேன். மூடுறதுக்கு முன்னாடி பறக்கப் போற பெட்டியை ஒருதடவை பார்த்தேன். கண்ணை உறுத்துச்சு. வானத்துக்குப் போறதாச்சே, அழகாப் போகட்டும்னு வெட்டி, நேரா இழுத்துப் பத்தவச்சுட்டேன்."

"பேட்டரின்னாங்களே."

"பேட்டரி போயிருந்தா, நிழலை விட்டு வெயிலுக்கு வந்த உடனே தகட்டுக் கரண்ட்ல பேசணும். இது வெயிலுக்கு வந்தும் பேசாம இருந்து, சூடு ஏறுன அப்புறம்தான்க்கா பேசிச்சு. குளிர்ல ஒயர் சுருங்கி இழுக்குது, நான் பத்தவச்ச இடம் விரிசல் விடுது. சூடானா மறுபடி ஒட்டுது. கடைசியில முழுசா விட்டுடுச்சு." துணியைக் கீழே வைத்துவிட்டு, "இல்லாமலும் இருக்கலாம். இன்னொரு தடவை, நிழலை விட்டு வந்ததும் பேசிடுச்சுன்னா தப்பு என் மேல இல்ல" என்றாள்.

நான் கத்தரிக்கோலைக் கீழே வைத்தேன். "யாருக்குமே தோணாத இடத்துல நீயா தப்பைத் தேடாதேடி" என்றேன். கேட்கிறவளா? அன்று சாயங்காலமும் மாடிக்குப் போனாள்.

எரிந்து விழப்போகிறது என்று கணக்குச் சொன்ன அன்று காலை நாங்கள் மூவருமே மாடியில் இருந்தோம். என் வீட்டுக்காரர் அன்றைக்குக் கேலி பேசவில்லை. அவள் கை துவண்டபோது, "குடும்மா, வளைவுல வண்டியைத் திருப்புறது எனக்குத் தெரியும்" என்று ஆன்டெனாவை வாங்கி அவள் சொன்ன பக்கமெல்லாம் திருப்பினார். ஹெட்போனை விலக்கி ஒலிபெருக்கியில் போட்டிருந்தாள். மழை பெய்கிற மாதிரி இரைச்சல். அதற்கு நடுவில் எனக்கு எதுவும் கேட்கவில்லை. அவளுக்கும் கேட்கவில்லை. ஆன்டெனா எதிர்க் கூரை வரை தாழ்ந்து, பெட்டி கடந்துபோன பிறகும் இரைச்சலை நிறுத்தாமல் நின்றாள்.

"அடுத்த சுத்து வருமாம்மா?" என்றார் அவர்.

"வராது மாமா."

மத்தியானம் வாத்தியார் போன் செய்தார். பக்கத்தில் இருந்த எனக்கும் அவர் குரல் கேட்டது.

"முடிஞ்சுதும்மா. பேட்டரிதான் காலை வாரிடுச்சு. என்ன பண்றது?"

"பேட்டரி இல்ல சார். என் ஒயர்." தையல் மேசை அருகே என்னிடம் சொன்னதை அவரிடமும் அப்படியே சொன்னாள்.

அவர் குரலைத் தாழ்த்தினார். "விடும்மா. எரிஞ்சு சாம்பலாப் போனதுக்கு யாரு சாட்சி?"

"நான் இருக்கேனே சார்."

இப்போது அந்த மாடி மூலையில் என் வீட்டுத் துணிகள் காய்கின்றன. டப்பா ரேடியோக்கள் எல்லாம் பரண் மேல் ஏறிவிட்டன. பட்டறைக்குப் போகிறாள், வருகிறாள். டிவியில் ராக்கெட் கிளம்பினால் எழுந்து உள்ளே போய்விடுகிறாள். "உக்காரும்மா" என்று சொல்ல என் வீட்டுக்காரருக்கு ஆள் இல்லை. அவள் சாப்பிடுகிறாளா என்று நான் தட்டைத்தான் பார்க்கிறேன். முகத்தைப் பார்க்க முடியவில்லை.

பறந்த பெட்டி எரிந்து விழுந்த மறுநாள் என்னைத் துணைக்கு அழைத்துக்கொண்டு சங்கத்து அறைக்குப் போனாள். தரையில் நின்றுவிட்ட அந்த இரண்டாவது பெட்டி கண்ணாடிக் கூண்டில் இருந்தது. சாவியை வாத்தியாரே கொடுத்தார். வேண்டாம் என்று சொல்ல வாயெடுத்து, அவளைப் பார்த்துவிட்டு ஜன்னல் பக்கம் போய் நின்றுகொண்டார்.

மூடியைத் திறந்தாள். உள்ளே அந்தக் கம்பி, தளர்வாக, அழகில்லாமல், சரியாக வளைந்து தொங்கியது. அதை வெட்டினாள். ஈயம் பற்றவைக்கும் கோலைச் சூடேற்றி, கம்பியை ஒரு கோடு போல நேராக இழுத்துப் பற்றவைத்தாள். புகை அடங்கும்வரை ஊதினாள்.

"நல்லா இருந்ததை ஏன்டி கெடுக்குற?" என்றேன்.

"மேல போனது இப்படித்தான்க்கா இருந்துச்சு. பார்க்குறவங்களுக்குத் தெரியட்டும்."

பிறகு பேனாவைக் கேட்டு வாங்கினாள். எல்லோருடைய கையெழுத்துக்கும் நடுவில் அவளுக்காகக் காலியாக விட்டிருந்த இடத்தில் தன் முழுப் பெயரையும் எழுதினாள். அதற்குக் கீழே அன்றைய தேதியைப் போட்டாள்: அக்டோபர் 19, 2023.